உருவக் கூடாத கால்

வருத்தம் பார்க்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்காது. மகளைக் கொழும்பிலிருந்து முதல் தடவை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது வேலிப் படலையடியில் ஆட்கள் நின்றார்கள். ஒருத்தியின் கையில் பால்மா டின், இன்னொருத்தியின் கையில் திராட்சை. எல்லாருடைய வாயிலும் ஒரு செத்தவீட்டுக் கதை. தங்களுக்குத் தெரிந்த யாருக்கோ இதே வருத்தம் வந்தது, எப்படி மெலிந்தார், எப்படிப் போனார் என்று பிள்ளையின் முன்னாலேயே சொன்னார்கள். பிள்ளைக்கு இரத்தத்தில்தான் புற்றுநோய். காது நன்றாகத்தான் கேட்கிறது.

"கொண்டு வந்ததைப் படலையிலை கொழுவிட்டுப் போங்கோ. பிள்ளைக்குக் கிருமி தொத்தும்" என்றேன்.

"அப்ப நாங்கள் என்ன கிருமியோ?"

"ஓம்" என்றேன்.

அதற்குப் பிறகு என்னோடு கதைப்பவர்கள் குறைந்துவிட்டார்கள். நல்லது. எனக்குக் கதைக்க நேரமும் இல்லை.

நாங்கள் இருப்பது மாங்குளம் சந்தியிலிருந்து உள்ளே, குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிற ஒரு குடியேற்றத்தில். என் கணவரின் தகப்பன் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள். மகளுக்கு ஏழு வயது. காய்ச்சல் விடாமல் வந்தது, காலில் நீலம் நீலமாகப் புள்ளி வந்தது, பிறகு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து கொழும்பில் போய் நின்றது. இரத்தப் புற்றுநோய், ஆனால் பிள்ளைகளுக்கு வருவது, அனேகமாகக் குணமாக்கலாம் என்றார்கள். அந்த 'அனேகமாக' என்ற சொல்லோடு நான் இன்றைக்கும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வீட்டுக்கு விடும்போது எங்களுக்குச் சொல்லி அனுப்பியதெல்லாம் இரத்தம் ஓடும் என்பதைப் பற்றித்தான். உறையவைக்கிற தட்டுகள் இவளுடைய இரத்தத்தில் குறைந்து போகும், அதனால் விழக் கூடாது, இடிபடக் கூடாது, பல் விளக்குகிற பிரஷ் மென்மையாக இருக்கவேண்டும், மூக்கை நோண்டக் கூடாது. காய்ச்சல் வந்தால் உடனே வரவேண்டும். எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொண்டேன். சைக்கிளைத் தூக்கிக் கொட்டிலுக்குள் போட்டுப் பூட்டினேன். முற்றத்துக் கல்லைப் பொறுக்கினேன். பிள்ளையை ஒரு கதிரையில் இருத்திவைத்து, அசையாதே, அசையாதே என்றேன்.

அதே இரத்தம் உள்ளே கட்டியாக உறைந்தும் போகும் என்று ஒருவரும் எங்களுக்கு விளங்கச் சொல்லவில்லை. சொன்னார்களோ, சிங்களத்தில் சொன்னார்களோ, அவசரத்தில் சொன்னார்களோ தெரியாது. எனக்கு வந்து சேரவில்லை. எனக்கு அதைச் சொன்னது ஒரு அம்மா. கொழும்பு வார்டில் பக்கத்துக் கட்டில். காலிப் பக்கத்து ஆள். அவவுக்குத் தமிழ் இல்லை, எனக்குச் சிங்களம் இல்லை. அவவுடைய மகளுக்கு ஒரு நாள் கை வீங்கியது. ஊசிக்குழாய் போட்ட கை. அவ பாவம், நோவுக்குப் பூசுகிற பாமைப் போட்டுத் தேய்த்தா. தாதி ஓடிவந்து அவவின் கையைத் தட்டிவிட்டுக் கத்தின கத்து வார்டு முழுக்கக் கேட்டது. பிறகு அந்தப் பிள்ளையை ஸ்கானுக்குக் கொண்டு ஓடினார்கள். அன்று பின்னேரம் அந்த அம்மா எனக்கு முன்னால் வந்து நின்று தன் கையைத் தேய்ப்பது போலக் காட்டினா, இல்லை என்று தலையாட்டினா, பிறகு விரலைக் கையிலிருந்து நெஞ்சுக்கு இழுத்துக்கொண்டு போய் அங்கே குத்திக் காட்டினா. எனக்கு நன்றாக விளங்கியது.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னேன். கை கால் வீங்கினால் ஒருவரும் தேய்க்கக் கூடாது என்று. கணவர் தலையை ஆட்டினார். மச்சாள் பிள்ளையின் தலைமுடி திரும்ப வருமா, வந்தால் சுருட்டையாக வருமா என்று கேட்டா. அவ்வளவுதான்.

மச்சாள் என்றால் என் கணவரின் அக்கா. எங்களுடைய வளவோடு ஒட்டின வளவு. இடையில் ஒரு வேலி, அதிலும் ஆள் நுழைகிற ஒரு பொட்டு. தனி ஆள். அவவைப் பற்றிச் சொல்லாவிட்டால் நடந்தது விளங்காது. அவவுக்குக் கை ராசி என்று ஊரில் பெயர். சுளுக்கு, பிடிப்பு, விழுந்து அடிபட்டு உள்ளுக்கு இரத்தம் கன்றியது, எல்லாத்துக்கும் ஆட்கள் அவவிடம்தான் வருவார்கள். நோவுக்குப் போடுகிற எண்ணெயைச் சூடாக்கி, பெருவிரலால் அழுத்தி மேலிருந்து கீழே உருவி, ஆமணக்கிலையை வாட்டிக் கட்டிவிடுவா. சண்டையின் கடைசி இடப்பெயர்வில், பிறகு முகாமில், மருந்தும் இல்லை டொக்டரும் இல்லை என்ற காலத்தில் அவ உருவாத கால் இல்லை. தண்ணீர் வரிசையில் தள்ளுப்பட்டு நான் கணுக்காலைத் திருப்பிக்கொண்டபோது என்னை நடக்கவைத்ததும் அவதான். அதனால் வீங்கின காலைக் கண்டால் அவவின் கை தானாக எண்ணெய்ப் போத்தலுக்குப் போகும். எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அப்படித்தான். உள்ளே கட்டின இரத்தம் சூட்டுக்கும் உருவலுக்கும் கரையும் என்பது எங்களுக்குச் சோறு தின்பது போன்ற விசயம்.

ஒரு கிளினிக் முடிந்து பஸ்ஸில் வந்தோம். நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தாள் பிள்ளை. வந்த பிறகு கால் நோகுது என்றாள். கால் நோகும் என்று எங்களுக்குத் தெரியும். போடுகிற ஊசிகளில் ஒன்று நரம்பைச் சுண்டி இழுக்கும், இரண்டு காலும் உளையும் என்று சொல்லியிருந்தார்கள். அதனால் பொறுத்துப் பார்த்தோம்.

அடுத்த நாள் கணவர் வயலில். நெல் வெட்டு மெசின் எங்களுடைய வரம்புக்கு வருகிற நாள், விட்டால் பிறகு கிடைக்காது. நான் பிள்ளைக்கு முட்டையும் சவர்க்காரமும் வாங்க மாங்குளத்துக்குப் போனேன். பார்த்துக்கொள்ளுங்கோ என்று மச்சாளிடம் விட்டுவிட்டுத்தான் போனேன்.

திரும்பி வந்து படலையைத் திறக்கும்போதே எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. சாமானை எங்கே போட்டேன் என்று தெரியாது. உள்ளே பிள்ளை பாயில் கிடக்கிறாள், இடது கால் மச்சாளின் மடியில். மச்சாள் தொடையிலிருந்து கீழே உருவிக்கொண்டிருக்கிறா. பிள்ளை தலையணையைக் கடித்துக்கொண்டு அழுகிறாள்.

"கையை எடுங்கோ!"

"ஏனடி கத்துறாய்? கால் கல்லு மாதிரி வீங்கிக் கிடக்கு. பிள்ளை நடக்கமாட்டன் எண்டுறாள். பஸ்ஸிலை இருந்த பிடிப்பு."

"கையை எடுங்கோ எண்டு சொல்லுறன்!"

"இன்னும் ரெண்டு உருவலிலை இறங்கிடும். நீ தள்ளு."

நான் அவவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். வயதில் மூத்தவ, அப்படி நான் அவவை அதற்கு முன் தொட்டதே இல்லை. பிடித்தபோது எண்ணெயில் வழுக்கியது. பிறகு காலைப் பார்த்தேன். மற்றக் கால் தடி மாதிரி இருக்க, இது மட்டும் மொத்தமாகத் தடித்து, மினுமினு என்று, சிவப்பும் நீலமும் கலந்த ஒரு நிறத்தில். தொட்டால் சுட்டது. நரம்பு ஊசியால் என்றால் இரண்டு காலும் நோகவேண்டும். இது ஒரு கால். அந்தக் காலி அம்மா தன் கையிலிருந்து நெஞ்சுக்கு விரலை இழுத்துக் காட்டியது எனக்கு முன்னால் வந்து நின்றது.

முன்வீட்டுக்காரனின் ஓட்டோவில் ஏறினோம். மச்சாளும் ஏறினா. இறங்குங்கோ என்றேன், இறங்கவில்லை. பிள்ளையை நீட்டிக் கிடத்த இன்னொரு மடி வேண்டியிருந்தது, அதனால் விட்டேன். வவுனியா வரைக்கும் போகவேண்டும். முந்தி என்றால் ஓமந்தையில் ஆமிக்காரர் இறக்கிச் சோதிப்பார்கள், வருத்தக்காரனையும் சோதிப்பார்கள். இப்போது தெரு திறந்து கிடக்கிறது. ஆனால் அன்று எனக்கு அந்தத் தெரு முடியவில்லை.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். மூச்சு. கட்டி நெஞ்சுக்குப் போனால் மூச்சுத்தான் முதலில் காட்டும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். அதனால் பிள்ளையைக் கதைக்கவைத்துக்கொண்டே போனேன். கண்ணில் படுகிற கடைப் பெயர்ப்பலகை எல்லாவற்றையும் உரத்து வாசி என்றேன்.

"அரிசி ஆலை. சைக்கிள் திருத்துமிடம். இடியப்பம் விற்கப்படும். அம்மா, இதெல்லாம் எனக்குத் தெரிஞ்ச போர்ட்."

"தெரிஞ்சாலும் வாசி."

"குளிர்பானம். சீமெந்து. அம்மா, கால் நோகுது."

"நோகட்டும். வாசி."

"பிள்ளையைப் போட்டு ஏனடி வதைக்கிறாய்?" என்றா மச்சாள். "எத்தினை பேரின்ரை காலை உருவி எடுத்து விட்டனான். உன்ரை காலையும் நான்தான் எடுத்து விட்டனான். என்ரை கையாலை ஒருத்தருக்கும் ஒண்டும் நடந்ததில்லை."

"என்ரை கால் சுளுக்கு. இது வேறை."

"என்ன வேறை? கால் கால்தானே."

பிள்ளை வாசித்துக்கொண்டிருந்தாள். ஓமந்தை தாண்டியதும் ஒரு இடத்தில் பலகையே இல்லை, வெறும் காடு. பிள்ளை நிறுத்திவிட்டாள். அந்தக் கொஞ்ச நேரம் நான் என் காதை அவளுடைய வாயோடு வைத்துக்கொண்டு வந்தேன்.

வவுனியா ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டொக்டர். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் பிள்ளை, தலையில் முக்காடு, என் தங்கையின் வயது இருக்கும். என்ன வருத்தத்துக்கு எங்கே வைத்தியம் என்று நான் சொல்லி முடிக்கும் முன்பே நாடா எடுத்து இரண்டு காலையும் அளந்தா. அளந்துவிட்டு எண்ணெய் பட்ட விரலை மணந்து பார்த்தா.

"யாராவது காலை உருவினீங்களா?"

எனக்குச் சொல்ல விருப்பம்தான், ஆனால் நான் சொல்லத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன் என்று தெரியும்.

"நான்தான் டொக்டர்" என்றா மச்சாள். "நல்லாச் சூடாக்கி மேலையிருந்து உருவினனான். இன்னும் கொஞ்சம் உருவியிருந்தால் இறங்கியிருக்கும். இவள் விடேல்லை."

டொக்டர் அவவை நிமிர்ந்து பார்த்தா. திட்டுவா என்று நினைத்தேன். திட்டவில்லை. "இனி இந்தக் காலை யாரும் தொட வேணாம்மா" என்று மட்டும் சொன்னா.

ஸ்கான் எடுத்தார்கள். தொடைக்குள் ஓடுகிற பெரிய நாளத்தில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டு நின்றது. டொக்டர் எங்கள் இரண்டு பேரையும் கதிரையில் இருத்திச் சொன்னா. பிள்ளைக்குப் போடுகிற மருந்துகளில் ஒன்று, இரத்தம் தன்பாட்டில் உறையாமல் இருக்க உடம்பு வைத்திருக்கிற காவலையும் சேர்த்துக் குறைத்துவிடும். முகத்தை வீங்கவைக்கிற ஸ்டீரொயிட் குளிசையும் அதோடு சேரும். அதனால் சில பிள்ளைகளுக்கு இப்படி வரும். கட்டி நின்ற இடத்தில் நின்றால் ஊசி போட்டு மெல்ல மெல்லக் கரைய விடலாம். பிய்ந்து மேலே போனால் நுரையீரலை அடைக்கும்.

"உருவினா பிய்யுமோ?" மச்சாள் கேட்டா. குரல் மாறியிருந்தது.

"பிய்யலாம். இப்ப மூச்சு நல்லா இருக்கு. நாங்க பார்த்துக்கொண்டே இருப்பம்."

மச்சாள் எழும்பி வெளியே போனா. குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றதை நான் கண்டேன். சவர்க்காரம் போட்டுக் கழுவி, மணந்து பார்த்து, மறுபடியும் கழுவினா. அந்த எண்ணெய் அப்படி லேசில் போகாது. எனக்கு இரக்கம் வரவில்லை. நான் கிட்டப் போய்ச் சொன்னேன்:

"பிள்ளைக்கு ஏதும் நடந்தால் இனி நீங்கள் என்ரை படலைக்குள்ளை வரப்படாது."

அவ தண்ணீர் சொட்டுகிற கையோடு என்னைப் பார்த்தா. "நடக்காட்டி?"

"நடக்காட்டியும்தான்."

நடக்கவில்லை. கட்டி நின்ற இடத்தில் நின்றது. எங்களை அம்புலன்ஸில் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கேயும் ஒவ்வொரு நாளும் ஒரு பிரச்சினைதான். தட்டுகள் குறைவு, அதனால் உறையாமல் தடுக்கிற மருந்தைக் கூட்டினால் எங்காவது இரத்தம் பொசியும். குறைத்தால் கட்டி வளரும். முதுகில் ஊசி போடுகிற நாளில் அதை நிறுத்தவேண்டும், பிறகு தொடங்கவேண்டும். ஒரே உடம்பில் ஒரே இரத்தம் ஓடவும் கூடாது, நிற்கவும் கூடாது. இது என்ன நியாயம் என்று நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் கடவுள் சோதிக்கிறார் என்பார்கள். பாசாகவும் பெயிலாகவும் ஏழு வயதுப் பிள்ளைதானா கிடைத்தது அவருக்கு?

பிறகு வீட்டுக்கு விட்டார்கள். காலையும் மாலையும் வயிற்றுத் தோலுக்குள் ஊசி, நானே போடவேண்டும். பழக்கிவிட்ட தாதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொன்னா: போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் உள்ளே இரத்தம் கன்றும். எனக்குச் சிரிப்பு வந்தது. எங்களுடைய ஆட்களிடம் போய்த் தேய்க்காதே என்றால் மூச்சுவிடாதே என்றது போல.

எனக்குக் கை பழகிவிட்டது. கணவருக்குத்தான் அதைப் பார்க்க ஏலாது. வரம்பில் கிடக்கிற புடையன் பாம்பைத் தடியால் தூக்கி எறிகிற ஆள், நான் ஊசியின் மூடியைக் கழற்றியதும் அடுத்த போகத்துக்குத் தண்ணீர் திருப்ப வேண்டும் என்று வயலுக்கு ஓடிவிடுவார். தண்ணீர் இல்லாத நாளிலும் ஓடினார். பிள்ளைக்குப் பிடிக்க ஒரு கை இல்லை, கேட்க ஒரு கதை இல்லை. நான் ஊசி போடுவேனா, கதை சொல்வேனா? மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பிள்ளை வயிற்றைப் பொத்திக்கொண்டு வேலிப் பக்கம் பார்த்துக் கத்தினாள்.

"மாமீ! வாங்கோ!"

வேலிக்கு அந்தப் பக்கம் விளக்குமாற்றுச் சத்தம் நின்றது. நாங்கள் கொழும்பிலிருந்து வந்த நாள்முதல் மச்சாள் பொட்டுக்குள்ளால் வரவில்லை. நான் சொன்னதைச் சொன்னபடி பிடித்திருந்தா. குசினியில் புகை வரும், கோழியைக் கூப்பிடும் சத்தம் வரும், ஆள் வராது.

"உன்ரை கொம்மா விடமாட்டா பிள்ளை."

"அம்மா, ஓம் எண்டு சொல்லுங்கோ. மாமி வந்தால்தான் போடலாம்."

ஊசி என் கையில். பிள்ளை இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டிருக்கிறாள். ஊசிக்கு நேரம் தவறக் கூடாது.

"கையைக் கட்டிக்கொண்டு வரச் சொல்லு" என்றேன்.

அவ உண்மையாகவே கையைக் கட்டிக்கொண்டு வந்தா. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இரண்டு கையையும் அக்குளுக்குள் செருகிக்கொண்டு, பொட்டுக்குள்ளால் தோளைச் சாய்த்து நுழைந்து, பாயில் வந்து இருந்தா. பிள்ளை சிரித்துவிட்டாள். தன் கோழி ஒன்று அடுத்த வளவுச் சேவலோடு போய்விட்டது, சீதனம் கேட்டு ஆள் அனுப்பப் போகிறேன் என்று மச்சாள் ஏதோ அளந்தா. நான் ஊசியைப் போட்டேன். இழுத்ததும் ஒரு சொட்டு வந்தது. மச்சாளின் ஒரு கை அக்குளிலிருந்து தானாகக் கழன்று நீண்டது.

"மாமி, கை!" என்றாள் பிள்ளை.

கை திரும்பப் போனது. அன்றிலிருந்து காலையும் மாலையும் அப்படித்தான்.

ஊரில் இன்னும் ஆட்கள் அவவிடம் வருகிறார்கள். ஆனால் இப்போது எண்ணெய் எடுக்க முன்பு கேள்வி கேட்கிறா. ஒரு காலோ, ரெண்டு காலோ? விழுந்தனியோ, விழாமல் வீங்கினதோ? சுடுதோ? பிள்ளை பெற்று ஒரு மாதமும் ஆகாத ஒருத்தி வீங்கின காலோடு வந்தாள். மச்சாள் அவளைத் தொடவே இல்லை. "உடனை ஆஸ்பத்திரிக்கு ஓடு. என்னட்டை ஏன் வந்தனீ? நான் என்ன டொக்டரோ?" என்று திட்டித் துரத்தினா. அவள் ஓட்டோ பிடித்து வவுனியாவுக்குப் போனாள். ஸ்கான் எடுத்துப் பார்த்துவிட்டு வெறும் சுளுக்கு என்று அனுப்பிவிட்டார்கள். வந்து மச்சாளின் வாசலில் நின்று ஏச்சோ ஏச்சு. கை ராசி போயிட்டுது, அதுதான் பயப்பிடுறா என்றாள். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான்தான் பதில் சொன்னேன். என்ன சொன்னேன் என்று இங்கே எழுத முடியாது.

நான் மச்சாளை மன்னித்துவிட்டேன் என்று யாரும் நினைக்கவேண்டாம். அந்தக் கட்டி பிய்ந்திருந்தால் இன்றைக்கு நான் எங்கே இருந்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். அந்த எண்ணெய் மணம் எங்காவது அடித்தால் இப்போதும் நான் முதலில் பிள்ளையின் காலைத்தான் பார்க்கிறேன். முகாமில் வேறு வழி இருக்கவில்லை, அவவின் கைதான் எங்களுக்கு ஆஸ்பத்திரி. அதை நான் மறக்கவில்லை. ஆனால் வேறு வழி வந்த பிறகும் பழைய வழியிலேயே கை போனால் பிள்ளைகள் சாகும். இரண்டும் உண்மை. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டுதான் நான் அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கிறேன்.

கட்டி சுருங்கி வருகிறது, ஆனால் முழுக்கப் போகவில்லை. வைத்தியமும் முடியவில்லை. இடது கால் வலது காலைவிட இன்னும் கொஞ்சம் மொத்தம். கிளினிக்குக்குப் போக முன்பு இரண்டு காலையும் அளந்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தடவை பிள்ளை பாயில் காலை நீட்டிக்கொண்டிருந்தாள். நான் தையல் நாடாவை எடுத்தேன். மச்சாள் வழக்கம் போலக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தா. என் கையில் மீன் கழுவின மணம். நாடாவை அவவிடம் நீட்டினேன்.

அவ என்னைப் பார்த்தா. வாங்கவில்லை.

"அளக்கத்தான்" என்றேன். "இறுக்கப்படாது. தோலோடை முட்டினால் போதும்."

ஊராரின் கால்களையெல்லாம் அழுத்தி உருவின பெருவிரல்கள். நாடாவின் நுனியை அவ பூவைப் பிடிப்பது போலப் பிடித்து, காலுக்கும் நாடாவுக்கும் இடையில் காற்றுப் போகிற மாதிரிச் சுற்றினா. அப்படிச் சுற்றினால் அளவு பிழையாகும். இன்னும் கொஞ்சம் கிட்ட என்றேன். கிட்டக் கொண்டுபோனா. விரல் தோலில் பட்டது.

"மாமி, கூசுது!" என்று பிள்ளை காலை இழுத்துக்கொண்டு சிரித்தாள். நாடா கழன்று விழுந்தது.

"ஆட்டாதை" என்றேன். "மச்சாள், திரும்ப அளந்து பாருங்கோ."